துண்டு போட்ட இடம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, வாசலில் ஒரு தம்பி மைலோ டின்னைக் கையில் பிடித்தபடி நின்றான். ஆயர் ஈத்தாம் பக்கம் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் இருக்கும் நண்பரின் மகன். படிவம் நான்கு. டின்னுக்குள் ஒரு ராஸ்பெர்ரி பை பலகை, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு திரை, கலர் கலராக ஒன்பது வயர்.

“அங்கிள், ஸ்கிரீன் செத்துப்போச்சு. அப்பா இனிமே காசு தர மாட்டேன்னு சொல்லிட்டாரு.”

திரையின் விலை 38 ரிங்கிட். பையனுக்கு அது இரண்டு வாரக் கைச்செலவு. ஆனால் அவன் முகம் வாடியிருந்தது 38 ரிங்கிட்டுக்காக அல்ல. வீட்டில் பாட்டி இருக்கிறார். இனிப்பு நீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். காது சரியாகக் கேட்காது, அதனால் கைப்பேசியில் அலாரம் வைத்துப் பயனில்லை. சில வாரங்களுக்கு முன் இரவு மாத்திரையைப் போட்டதே நினைவில்லாமல் இன்னொரு முறை போட்டுக்கொண்டார். நடுராத்திரியில் உடம்பெல்லாம் வியர்த்து, மயங்கி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, மறுநாளே வீடு திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தம்பிக்கு யோசனை வந்தது. சமையலறைச் சுவரில், அரிசிப் பானைக்கு மேலே ஒரு சின்னத் திரை. வேளை வந்ததும் பெரிய தமிழ் எழுத்தில் ‘இரவு மாத்திரை’ என்று காட்ட வேண்டும். பாட்டி மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், ‘போட்டாச்சு, மணி 8.10’ என்று மாறி, காலைவரை அப்படியே நிற்க வேண்டும். பாட்டிக்குச் சந்தேகம் வந்தால் திரையைப் பார்த்தால் போதும். சின்னப் பையனின் யோசனைதான், ஆனாலும் அதில் ஒரு குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

திரை மட்டும் வெள்ளையாக எரிந்துகொண்டே இருந்தது. எழுத்தும் இல்லை, கோடும் இல்லை.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ராஸ்பெர்ரி பையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. புதியவர்களுக்கு மட்டும் ஒரு வரி: கடன் அட்டை அளவில் ஒரே பலகையில் அடங்கிய முழுக் கணினி அது. 2012 பிப்ரவரி 29ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. அதன் ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் ஊசிகளைத்தான் பின்கள் என்கிறோம். முதலில் 26 இருந்தன. 2014இல் வந்த மாதிரியிலிருந்து 40. வெளியுலகத்தோடு கணினி பேசுவது இவற்றின் வழியாகத்தான். விளக்கு, மோட்டார், வெப்பமானி, திரை எல்லாம் இங்கேதான் வந்து சேரும்.

வெள்ளைத் திரை என்றால் திரை செத்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இந்த வகைத் திரையில் பின்னால் இருக்கும் விளக்குக்குத் தனி வயர். அது நேராக 3.3 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். யாருடைய உத்தரவும் இல்லாமல் அது எரியும். படம் வரைய வேண்டிய சில்லுக்குத்தான் கணினியிடமிருந்து கட்டளை வர வேண்டும். கட்டளை வராதவரை வெள்ளைதான். வீட்டில் விளக்கு எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார், கதவை யாரும் தட்டவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வயர்களைப் பார்த்தேன். இங்கே எல்லோரும் ஒரு தடவையாவது இடறுவார்கள். பின்களுக்கு இரண்டு விதமான எண்கள் உண்டு. பலகையில் எத்தனையாவது ஊசி என்பது ஒன்று. சில்லுக்குள் அதற்கு இருக்கும் பெயர் இன்னொன்று. ஜி.பி.ஐ.ஓ. 8 என்பது எட்டாவது ஊசி அல்ல, 24ஆவது ஊசி. எட்டாவது ஊசியில் இருப்பது ஜி.பி.ஐ.ஓ. 14. நம் ஊரில் லெபோ பாசார் என்றும் மார்க்கெட் ஸ்திரீட் என்றும் ஒரே தெருவைச் சொல்வதுபோல. இரண்டும் தெரிந்தவனுக்குச் சிக்கலில்லை. ஒன்று மட்டும் தெரிந்தவன் அலைய வேண்டியதுதான். தம்பி இதில் தவறவில்லை. ஒவ்வொரு வயரும் சரியான ஊசியில்தான் இருந்தது.

“புரோகிராம் ஓட்டினா என்ன சொல்லுது?” என்று கேட்டேன்.

“சிவப்பா இருபது வரி வருது அங்கிள். ஒண்ணும் புரியல. அதான் பேட்டையே... இல்ல, சிஸ்டத்தையே மூணு தடவை அழிச்சு மறுபடியும் போட்டேன்.”

மூன்று தடவை! நம் பிள்ளைகளுக்கு யார் இந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. எதற்கெடுத்தாலும் அழி, மறுபடியும் போடு. இருபது வரிப் பிழைச் செய்தியில் முதல் பத்தொன்பது வரியும் எந்த வழியாக வந்து விழுந்தோம் என்ற கதை. என்ன ஆயிற்று என்பது கடைசி வரியில் இருக்கும். அவன் திரையில் கடைசி வரி இரண்டே சொல்லில் முடிந்தது: ‘ஜி.பி.ஐ.ஓ. பிஸி’. பின் வேலையாக இருக்கிறது. அதாவது, வேறு யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

கல்யாண மண்டபத்தில் பந்தியைப் பார்த்திருப்பீர்கள். நாற்காலி காலியாகத்தான் தெரியும். போய் உட்காரலாம் என்றால் அதில் ஒரு துண்டு கிடக்கும். நாற்காலி உடையவில்லை. ஆள்தான் எங்கேயோ இருக்கிறார். தம்பியின் 24ஆவது ஊசியில் அப்படி ஒரு துண்டு கிடந்தது. துண்டு போட்டது யார், ஏன் என்பதுதான் கேள்வி.

திரைக்கும் கணினிக்கும் நடுவே ஓடும் பேச்சுவழிக்கு எஸ்.பி.ஐ. என்று பெயர். தகவல் போக ஒரு வயர், தகவல் வர ஒரு வயர், தாளம் போட ஒரு வயர். இந்த மூன்றையும் பல கருவிகள் பங்குபோட்டுக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால் குழப்பம். அதனால் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக ஒரு தேர்வு வயர் உண்டு. அதன் மின்னழுத்தம் கீழே இறங்கினால் ‘இப்போது உன்னோடுதான் பேசுகிறேன்’ என்று அந்தக் கருவிக்கு அர்த்தம். ராஸ்பெர்ரி பையில் இந்த வேலைக்கு ஜி.பி.ஐ.ஓ. 8, ஜி.பி.ஐ.ஓ. 7 என்று இரண்டு பின்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. எஸ்.பி.ஐ.யை இயக்கியதுமே, கணினியின் இயங்குதளம் ‘இரண்டு கருவி வரலாம்’ என்று இரண்டு பின்னிலும் துண்டைப் போட்டுவிடுகிறது. நீங்கள் ஒரு கருவியைத்தான் மாட்டியிருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

திரைக்காக எழுதப்பட்ட பல நிரல் நூலகங்கள் அந்தத் தேர்வு வயரைத் தாங்களே ஏற்றி இறக்க விரும்புகின்றன. ‘இப்போது வருவது கட்டளை, இப்போது வருவது படம்’ என்று சொல்ல இன்னொரு வயர் இருக்கிறது. இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொள்வது அவற்றுக்கு வசதி. ஆக, இயங்குதளமும் அந்தப் பின் எனக்கு என்கிறது. திரையின் நூலகமும் எனக்கு என்கிறது.

அப்படியானால் தம்பி வைத்திருந்த பழைய புத்தகத்தில் இதே இணைப்பு வேலை செய்ததே, எப்படி? இதில்தான் சுவாரசியம் இருக்கிறது. பழைய நூலகங்கள் இயங்குதளத்தைக் கேட்கவே கேட்காது. சில்லின் நினைவகத்துக்குள் நேராகக் கையை விட்டுப் பின்னைத் திருப்பிவிடும். துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காரும் ஆசாமி மாதிரி. பெரும்பாலும் சண்டை வராமல் ஓடிவிட்டது. 2023இல் வந்த பை 5இல் பின்களைக் கவனிக்கும் வேலை மையச் சில்லிலிருந்து ஆர்.பி.1 என்ற தனிச் சில்லுக்கு மாறியது. பழைய குறுக்கு வழி அங்கே அடைபட்டுப்போனது. புதிய நூலகங்கள் முறைப்படி இயங்குதளத்திடம் அனுமதி கேட்கின்றன. கேட்டால் பதில் வரத்தானே செய்யும்: பிஸி. தம்பியிடம் இருந்ததும் பை 5தான், சிங்கப்பூர் மாமா வாங்கிக் கொடுத்தது. புதிய பலகை, புதிய நூலகம், பழைய புத்தகம். யார் மீதும் குற்றமில்லை.

துண்டு யாருடையது என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ‘ஜி.பி.ஐ.ஓ. இன்ஃபோ’ என்றொரு கட்டளை. அடித்தால் எல்லாப் பின்களையும் வரிசையாகக் காட்டி, யார் பிடித்திருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே பெயரையும் எழுதும். எட்டாம் எண்ணுக்கு நேரே எஸ்.பி.ஐ. என்ற பெயரைப் பார்த்ததும் தம்பி, “அப்ப ஸ்கிரீன் சாகலையா?” என்றான். அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

இனி வைத்தியம். இரண்டு உண்டு.

முதலாவது, வயரை மாற்றுவது. தேர்வு வயரை 24ஆவது ஊசியிலிருந்து எடுத்து, யாரும் பிடிக்காத ஒரு பின்னில், உதாரணமாக ஜி.பி.ஐ.ஓ. 5இல், அதாவது 29ஆவது ஊசியில் மாட்டிவிட்டு, நிரலிலும் அந்த எண்ணை மாற்றுங்கள். இயங்குதளம் தன் பாட்டுக்கு எட்டாம் பின்னை ஆட்டிக்கொண்டிருக்கும். அங்கே எதுவும் மாட்டப்படவில்லை என்பதால் பாதகமில்லை. ஒரு வயர், ஒரு எண், வேலை முடிந்தது. என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் செய்வேன்.

ஆனால் சில திரைகள் வயரே இல்லாமல் பலகையின் மேல் அப்படியே அழுத்தி மாட்டும்படி வருகின்றன. அங்கே வயரை மாற்ற முடியாது. துண்டை எடுக்கச் சொல்ல வேண்டியதுதான். பூட் கோப்புறைக்குள், ஃபர்ம்வேர் என்ற உள்கோப்புறையில், கான்ஃபிக் என்ற உரைக் கோப்பு இருக்கிறது. அதன் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். தொலைபேசியில் சொல்வதுபோலச் சொல்கிறேன், ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்: டி, டி, ஓ, வி, இ, ஆர், எல், ஏ, ஒய், சமக்குறி, எஸ், பி, ஐ, 0, சிறு கோடு, 0, சி, எஸ். கோப்பைச் சேமித்து, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் ஏழும் எட்டும் விடுதலை. எஸ்.பி.ஐ. பேச்சுவழி மட்டும் முன்போலவே இருக்கும். அதை இயக்கும் வரியை அழித்துவிடாதீர்கள். கடைசியில் 0 சி.எஸ். என்பதற்குப் பதில் 1 சி.எஸ். என்று போட்டால் எட்டை வைத்துக்கொண்டு ஏழை மட்டும் விடும்.

ஒரு எச்சரிக்கை. தொடுதிரையாக இருந்தால், தொடுவதைக் கண்டுபிடிக்கும் சில்லு பெரும்பாலும் அந்த இரண்டாவது தேர்வு வயரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டையும் விடுவித்துவிட்டால் படம் வரும், தொட்டால் ஒன்றும் நடக்காமல் போகலாம்.

துண்டு எடுக்கிற ருசி வந்துவிட்டால் சிலர் எல்லா நாற்காலியையும் காலி செய்யக் கிளம்பிவிடுவார்கள். எட்டாவது, பத்தாவது ஊசிகள் தொடர் இணைப்புக்கானவை. கணினி திரையில்லாமல் திண்டாடும்போது உள்ளே நுழைய அதுவே பின்வாசல். அமைப்புப் பட்டியலில் அந்த நுழைவை நிறுத்திவிட்டு அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பின்வாசல் வேண்டாம் என்றால். மூன்றும் ஐந்தும் வேறு சங்கதி. அவற்றில் 3.3 வோல்ட்டுக்கு இழுத்துக்கட்டிய மின்தடைகள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. மென்பொருளில் விடுவித்தாலும் அந்தக் கட்டு அவிழாது. 27, 28ஆம் ஊசிகளை விட்டுவிடுங்கள். மேலே மாட்டும் அட்டை தான் யார் என்று கணினியிடம் சொல்ல வைத்த இடம் அது. எந்தப் பின்னாக இருந்தாலும் 5 வோல்ட்டை உள்ளே விடாதீர்கள். 3.3 வோல்ட்டுக்கு மேல் அவை தாங்கா. அப்போது மட்டும் உண்மையாகவே சாகும்.

அன்று தம்பியைக் கொண்டுபோய் விட அவன் வீட்டுக்குப் போனேன். பாட்டியிடம் விஷயத்தைச் சத்தமாகச் சொன்னோம். அவர் பலகையை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கால் எல்லாம் நேரா இருக்கே” என்றார். பாட்டி 1974இல், பதினெட்டு வயதில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போனவர். சில்லிலிருந்து காலுக்கு முடியைவிட மெல்லிய கம்பியை, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு இணைக்கிற வேலை. நாற்பது தாண்டியதும் கண் போதாமல் நின்றுவிட்டார்.

பினாங்கின் சுதந்திரத் துறைமுகத் தகுதி 1969இல் போய், ஊரில் வேலை இல்லாமல் பிள்ளைகள் தவித்த காலத்தில், முதலமைச்சர் லிம் சோங் இயூ பாயான் லெப்பாஸின் வயல்வெளியில் தொழிற்பேட்டை கொண்டுவந்த கதை நமக்குத் தெரியும். 1972இல் இன்டெல் வந்தது, ஹியூலட் பேக்கார்டும் வந்தது. அந்த ஹியூலட் பேக்கார்டின் சில்லுப் பிரிவு 1999இல் அஜிலன்ட் ஆகி, 2005இல் அவாகோ ஆகி, 2016இல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. தம்பியின் பலகையில் நடுவில் இருக்கும் சில்லும் பிராட்காம்தான். பலகை வேல்ஸ் நாட்டில் தயாராவது என்றாலும், பாட்டிக்கு இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு வெளிச்சம்.

துண்டுக் கதையையும் பாட்டியிடம் சொன்னேன். “எங்க லைன்லயும் அப்படித்தான் தம்பி. டிரேயில சிவப்பு டேக் தொங்கும். ஹோல்டு. நல்ல சாமான்தான், ஆனா யாரு போட்டாங்கன்னு சூப்பர்வைசரைக் கேக்காம எடுத்தா திட்டு விழும். புதுசா வந்த பிள்ளைங்க அதைக் கெட்டுப்போனதுன்னு குப்பையில போட்டிருக்குங்க.”

நான் அரைப்பக்கம் எழுதியதை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார்.

வயரை மாற்றியதும் திரை விழித்துக்கொண்டது. தம்பி குதித்தான். அரை நிமிடம்தான். ‘மாத்திரை’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ர’ முதலில் வந்து, அதற்குப் பின்னால் ஐகாரச் சங்கிலி தனியாக நின்றது. ‘தி’யின் கொக்கி எழுத்தோடு ஒட்டாமல் தள்ளி நின்றது. தமிழ் எழுத்துரு இருக்கிறது, ஆனால் அடுக்கத் தெரியவில்லை. பழைய தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்போம், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். யூனிகோடில் மெய்க்குரிய எழுத்து முன்னால், உயிர்க்குறி பின்னால். அதை இடம் மாற்றி வரைவது படம் வரையும் நிரலின் பொறுப்பு. பைத்தானில் படம் வரைய எல்லோரும் பயன்படுத்தும் ‘பில்லோ’ நூலகத்துக்கு, ‘ராக்ம்’ என்ற துணை நூலகம் கூட இருந்தால்தான் இந்த அடுக்கும் வேலை தெரியும். இல்லாவிட்டால் வந்த வரிசையிலேயே ஒட்டிவைத்துவிடும். அதை நிறுவிய பிறகு ‘மாத்திரை’ மாத்திரையாக வந்தது. தமிழில் திரை செய்யப்போகிறவர்கள் முதல் சோதனைக்கு ‘அம்மா’ என்று எழுதாதீர்கள், அது எப்படியும் சரியாகத்தான் வரும். கொம்பும் சங்கிலியும் உள்ள சொல்லாகப் பார்த்து எழுதுங்கள்.

பொத்தான் ஜி.பி.ஐ.ஓ. 17இல் இருக்கிறது. அங்கே யாரும் துண்டு போடவில்லை, ஜி.பி.ஐ.ஓ. இன்ஃபோவில் பார்த்துவிட்டுத்தான் மாட்டினான்.

போன வாரம் வழியில் இறங்கிப் பார்த்தேன். திரை அரிசிப் பானைக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், இரட்டைப் பசை நாடாவில் நிற்கிறது. பாட்டிக்கு இரண்டு புகார். எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும். பச்சை நிறம் வேண்டாம், மஞ்சள் போதும். பொத்தானை அழுத்த மறந்ததே இல்லையா என்று கேட்டேன். “அழுத்தாட்டி அது என்னையே பாத்துக்கிட்டு இருக்கே” என்றார்.

அடுத்த வாரம்: இதே பலகை அடிக்கடி தானாக அணைந்து எழுவது ஏன், எந்த மின்மாற்றியை வாங்கலாம் என்று பார்ப்போம். லோரோங் கூலிட் சந்தையில் ஐந்து ரிங்கிட்டுக்கு வாங்கியதை அதுவரை மாட்டாமல் வைத்திருங்கள்.